இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் அவே மேட்ச் பார்க்கப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் வசித்துக்கொண்டு லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் (மேலிருந்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நிலை) ஆகிய நிலைகளில் ஆடும் ஓர் அணியைப் பின்தொடர்பவர்களுக்கான வழிகாட்டி இது. சொந்த மைதானத்தில் சில ஆட்டங்களைப் பார்த்தாகிவிட்டது, அடுத்து அணியோடு வெளியூருக்கும் போகலாம் என்று நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருபவர்களை அழைத்துப் போகும்போது கவனித்ததைச் சொல்கிறேன்: அவர்கள் தடுமாறுவதில் பெரும்பகுதி வரிசையைத் தவறவிடுவதால் வருவது. ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் ஆட்டத்தின் நேரம் மாறிவிட்டதைப் பார்த்து விழிப்பார்கள். போகும் வழியை நிமிடக் கணக்கில் போட்டுவிட்டு, இரவு எப்படித் திரும்புவது என்பதை இடைவேளையின்போது தேடுவார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். முக்கியமாக, திரும்பும் வழி போகும் வழிக்கு முன்னால் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

## 1. முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பருவத்தில் லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் அணி ஒவ்வொன்றும் 46 லீக் ஆட்டங்கள் ஆடும். அதில் 23 வெளியூரில். இவ்வளவு வாய்ப்பு இருக்கும்போது முதல் பயணத்துக்குக் கடினமான ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும் ஊர், நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய மைதானம். இந்த மூன்றும் பொருந்தினால் போதும். க்ரூ அலெக்சாண்ட்ராவின் கிரெஸ்டி ரோடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிலையத்தைவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் மைதானம், அதுவும் நாட்டின் பல திசைகளிலிருந்தும் ரயில்கள் வந்து சேரும் சந்திப்பு நிலையம்.

உள்ளூர் பகை ஆட்டங்களை முதலில் தவிருங்கள். காவல்துறை அதிகம், கெடுபிடி அதிகம், ஆட்டம் முடிந்ததும் உங்களை உள்ளேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். மிகவும் பதற்றமான சில ஆட்டங்களுக்கு, கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தில் வருபவர்களுக்கு மட்டுமே டிக்கெட் என்ற கட்டுப்பாடும் உண்டு. அது ஒரு தனி அனுபவம்தான், ஆனால் பழகுவதற்கான இடம் அல்ல.

செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டங்களும் அப்படியே. இரவு 7:45க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9:40 ஆகிவிடும். கடைசி ரயில் போயிருக்கலாம்.

## 2. தேதி உறுதியாகும்வரை பணம் செலவழிக்காதீர்கள்

ஜூன் மாதக் கடைசியில் அட்டவணை வெளியாகும். அதில் இருக்கும் தேதியை நம்பி உடனே ரயில் டிக்கெட் போடுவதுதான் புதியவர்களின் மிகப் பொதுவான தவறு. அட்டவணை மாறுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நான்கையும் தெரிந்து வைத்துக்கொண்டால், எந்தத் தேதி ஆபத்தானது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதலாவது தொலைக்காட்சி. 2024-25 பருவத்திலிருந்து ஸ்கை ஸ்போர்ட்ஸ் ஒரு பருவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இஎஃப்எல் (சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றை நடத்தும் அமைப்பு) ஆட்டங்களை நேரலையாகக் காட்டுகிறது. ஆனால் சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை பிரிட்டனில் கால்பந்து ஆட்டங்களை நேரலையாகக் காட்டக்கூடாது என்ற பழைய விதி இன்னும் இருக்கிறது. எனவே ஒரு ஆட்டத்தைக் காட்ட வேண்டுமானால் அதை 12:30க்கோ வேறு நாளுக்கோ நகர்த்தியாக வேண்டும். 3 மணி ஆட்டம் 12:30 ஆவது சின்ன விஷயமாகத் தெரியும். உங்கள் ஊரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் எட்ட முடியாது என்று தெரியும்போது அப்படித் தெரியாது.

இரண்டாவது கோப்பைப் போட்டிகள். இரு அணிகளில் ஒன்று எஃப்ஏ கோப்பையில் இன்னும் நீடித்தால், அந்தச் சுற்று நடக்கும் வாரத்து லீக் ஆட்டம் தள்ளிப்போகும். பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுக்கு.

மூன்றாவது சர்வதேச ஆட்டங்கள். லீக் ஒன், லீக் டூ அணிகள் அந்த வாரங்களிலும் ஆடும். ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீரர்கள் தேசிய அணிகளுக்கு அழைக்கப்பட்டால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் வரும் இந்த வாரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வானிலை. இதற்கு முன்கூட்டி ஒன்றும் செய்ய முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியாலோ மழைநீர் தேங்கியோ ஆட்டம் ரத்தாவது வழக்கம். கீழ்நிலை மைதானங்களில் எல்லோரிடமும் தரைக்கு அடியில் சூடேற்றும் வசதி கிடையாது.

தொலைக்காட்சித் தேர்வு அறிவிக்கப்பட்டு, கோப்பை மோதலும் இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

## 3. மைதானம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கிளப்பின் பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். போர்ட் வேல் என்று ஓர் ஊரைத் தேடினால் கிடைக்காது. அந்த அணி ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டின் பர்ஸ்லம் பகுதியில் ஆடுகிறது. டிரான்மியர் ரோவர்ஸ் பர்க்கன்ஹெட்டில். கிரிம்ஸ்பி டவுனின் பிளண்டெல் பார்க் பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில் இருக்கிறது. ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் ஆடும் நெயில்ஸ்வொர்த்தில் ரயில் நிலையமே இல்லை, ஸ்ட்ரவுடில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஃப்ளீட்வுட்டிலும் நிலையம் கிடையாது, பிளாக்பூலிலிருந்து டிராம்.

ஊர் சரியாக இருந்தாலும் நிலையம் தப்பாகலாம். எம்கே டான்ஸ் ஆட்டத்துக்கு மில்டன் கீன்ஸ் சென்ட்ரலில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைதானம் பிளெட்ச்லி பக்கம், ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையம் அதைவிடவும் கிட்டே. ஜில்லிங்ஹாம் என்ற பெயரில் இரண்டு நிலையங்கள், ஒன்று கென்ட்டில், மற்றது டோர்செட்டில். கால்பந்து கென்ட்டில். செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்று தேடினால் கைபேசி உங்களை நியூகாசிலுக்கு அனுப்பப் பார்க்கும். எக்ஸிட்டர் சிட்டியின் மைதானத்துக்கும் அதே பெயர்தான், அதற்கு அருகிலேயே அதே பெயரில் ஒரு குட்டி நிலையமும் இருக்கிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் கட்டிய புதிய மைதானங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில். கோல்செஸ்டரில் நிலையத்திலிருந்து மைதானம் வரை நடப்பது பலரும் எதிர்பாராத தொலைவு. விகம்பில் மைதானம் தொழிற்பேட்டையின் கடைக்கோடியில், உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாலை. இந்தத் தகவல்தான் அடுத்த படியின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஹோம் கிளப்பின் (அந்த ஊர் அணியின்) இணையதளத்தில் வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அவே எண்டின் (வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியின்) வாசல் எந்தத் தெருவில், பேருந்து எண் என்ன, பணமாகத் தரலாமா அட்டை மட்டுமா, பை அளவு என்ன என்பதெல்லாம் அதில் கிடைக்கும். அங்கே இல்லாததை ரசிகர் தொடர்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். இஎஃப்எல் கிளப் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் நிதானமாகப் பதில் எழுதுவார்கள்.

## 4. திரும்பும் வழியை முதலில் கணக்கிடுங்கள்

போவதற்கு நிறைய ரயில்கள் இருக்கும். காலையில் எதைத் தவறவிட்டாலும் அடுத்தது வரும். இரவில் அப்படியில்லை. அதனால் கடிகாரத்தைப் பின்னாலிருந்து ஓட்டுங்கள்.

3 மணி ஆட்டம் முன்பெல்லாம் 4:50க்கு முடியும். இப்போது நடுவர்கள் சேர்க்கும் நேரம் கூடிவிட்டது. 5 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு வெளியே வர 10 நிமிடம். நிலையம் வரை நடை அரை மணி என்றால் 5:40. 5:45 ரயிலைக் குறிவைக்காதீர்கள். அதற்கடுத்ததைக் குறிவையுங்கள். கூடுதல் நேரத்தில் உங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படியில் இறங்குவதைப் போல எரிச்சலான விஷயம் வேறில்லை.

பிறகு பாருங்கள்: நீங்கள் குறிவைத்த ரயிலுக்குப் பிறகு, வீடு சேரக்கூடிய இன்னொரு ரயில் இருக்கிறதா? இருந்தால் திட்டம் சரி. இல்லையென்றால் அது நூலிழைத் திட்டம். அப்படியானால் ரசிகர் பேருந்து, கார், இல்லாவிட்டால் அங்கேயே இரவு தங்குவது என்று மாற்றுங்கள்.

வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும், ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். நேஷனல் ரெயிலின் தளத்தில் அந்தக் குறிப்பிட்ட தேதியைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். வேறொரு சனிக்கிழமையின் நேரத்தைப் பார்த்துவிட்டு அதுவே எல்லாச் சனிக்கிழமைக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

## 5. மேட்ச் டிக்கெட்

அவே எண்ட் டிக்கெட்டைப் பொதுவாக உங்கள் சொந்த கிளப்பே விற்கும், ஹோம் கிளப் அல்ல. நேஷனல் லீக்கில் பல ஆட்டங்களுக்கு ஹோம் கிளப்பின் தளத்தில் நேரடியாக வாங்க வேண்டியிருக்கும். உங்கள் கிளப்பின் டிக்கெட் அறிவிப்பை முதலில் படியுங்கள், எங்கே வாங்குவது என்று அதில் தெளிவாக இருக்கும்.

விலை பெரும்பாலும் 20 முதல் 30 பவுண்டுக்குள். பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டு என்று உச்சவரம்பு இருக்கிறது, கீழே அப்படி இல்லை. ஆனால் அதே தரமுள்ள ஹோம் பகுதியைவிட உங்களிடம் அதிகம் வாங்கக்கூடாது என்று இஎஃப்எல் விதி சொல்கிறது. மாணவர், 18 வயதுக்குட்பட்டோர், முதியோர் சலுகை ஒவ்வொரு கிளப்பிலும் ஒவ்வொரு மாதிரி. சலுகை டிக்கெட் வாங்கினால் அதற்கான அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், வாசலில் கேட்பார்கள்.

பெரும்பாலான ஆட்டங்களுக்கு டிக்கெட் தீராது. அதனால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்வேன், இரண்டு விதிவிலக்கோடு: பருவத்தின் கடைசி ஆட்டம், அப்புறம் மிகச் சிறிய மைதானங்கள். அவே எண்டே சில நூறு பேருக்குத்தான் என்றால், சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் அடிக்கடி வெளியூர் வருபவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு விற்பார்கள்.

ஆட்ட நாளில் வாசலில் வாங்க முடிகிறதா என்பதையும் அறிவிப்பில் பாருங்கள். முடியும் என்றாலும் சில பவுண்டு கூடுதலாக இருக்கும். முன்கூட்டியே வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: ஆட்டம் தள்ளிப்போனால் அந்த டிக்கெட் பொதுவாகப் புதிய தேதிக்கும் செல்லும், வர முடியாவிட்டால் பணம் திரும்பக் கேட்கலாம்.

செய்யக்கூடாதவை இரண்டு. அவே எண்ட் தீர்ந்துவிட்டது என்று ஹோம் பகுதியில் வாங்காதீர்கள். கோல் விழும்போது உங்கள் முகமே காட்டிக்கொடுக்கும், வெளியேற்றினால் பணமும் வராது. சமூக ஊடகத்தில் முன்பின் தெரியாதவரிடமும் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், போலி டிக்கெட்டும் நிறைய.

சக்கர நாற்காலி அல்லது வேறு உதவி தேவைப்பட்டால் இந்தப் படியிலேயே இரு கிளப்புகளிடமும் பேசுங்கள். உடன் வரும் உதவியாளருக்கு இலவச டிக்கெட் தருவது பரவலான வழக்கம். ஆனால் அந்த இடங்கள் மிகக் குறைவு, ஆட்ட நாளில் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

## 6. பயணத்தைப் பதிவு செய்தல்

ரயில் என்றால், போகும்போது அட்வான்ஸ் டிக்கெட், வரும்போது ஆஃப்-பீக் டிக்கெட் (நெரிசல் இல்லாத நேரத்து ரயில்களில் எதிலும் செல்லும்). என் முடிவான கருத்து இது. அட்வான்ஸ் மலிவு, ஆனால் குறிப்பிட்ட ஒரு ரயிலில் மட்டும்தான் செல்லும், பணம் திரும்ப வராது. காலையில் எப்போது கிளம்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. மாலையில் எப்போது வெளியே வருவீர்கள் என்பது நடுவர் கையிலும் காவல்துறை கையிலும். அதற்காகக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். சில தடங்களில் ஆஃப்-பீக் ரிட்டர்ன், ஒற்றை வழிக் கட்டணத்தைவிட ஒரு பவுண்டு மட்டுமே கூடுதலாக இருக்கும். அங்கே இந்தக் கணக்கே தேவையில்லை.

ரெயில்கார்டு (ரயில் கட்டணச் சலுகை அட்டை) இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு மூன்று வெளியூர் ஆட்டங்களில் அதன் விலை வந்துவிடும். மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் குரூப்சேவ் சலுகையும் அதே அளவு குறைக்கும், ஆனால் எல்லா ரயில் நிறுவனங்களிலும் கிடையாது.

ரசிகர் பேருந்து முதல்முறை போகிறவர்களுக்கு மிகச் சுலபமான வழி. கிளப்போ ரசிகர் சங்கமோ நடத்தும். உங்கள் அணியின் மைதான வாசலில் ஏற்றி, அங்கே அவே எண்ட் வாசலிலேயே இறக்கிவிட்டு, முடிந்ததும் உடனே கிளம்பும். ஆட்டம் இழுத்தாலும் உங்களை விட்டுவிட்டுப் போகாது. குறை என்னவென்றால் ஊரைப் பார்க்க முடியாது. அதோடு பேருந்தில் மது கூடாது. அது ஓட்டுநரின் கண்டிப்பு அல்ல, 1985ஆம் ஆண்டுச் சட்டம். திரும்பும்போது பேருந்து எங்கே நிற்கும் என்று இறங்கும்போதே கேட்டு, எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பத்து வெள்ளைப் பேருந்துகள் வரிசையாக நிற்கும்.

கார் என்றால் நிறுத்துமிடம்தான் பிரச்சினை. மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆட்ட நாளில் மட்டும் அமலாகும் தடை இருக்கும், விளக்குக் கம்பத்தில் சின்னப் பலகையில் எழுதியிருப்பார்கள். பதினைந்து நிமிட நடைத் தொலைவில், வெளியேறும் சாலையின் பக்கமாக நிறுத்துங்கள். மைதானத்தின் சொந்த நிறுத்துமிடத்தில் விட்டால் உள்ளே போவது சுகம், வெளியே வர ஒரு மணி நேரம்.

## 7. உடையும் பையும்

லீக் ஒன், லீக் டூ மைதானங்களில் இன்னும் நின்று பார்க்கும் டெரஸ்கள் உண்டு. இருக்கைகள் கட்டாயம் என்ற விதி மேல் இரண்டு நிலைகளுக்குத்தான். வெளியூர் ரசிகர்களுக்குக் கூரையில்லாத பகுதியை ஒதுக்குவதும் சகஜம். அக்ரிங்டன் ஸ்டான்லியில் வெளியூர்க்காரர்கள் நிற்கும் டெரஸ் திறந்தவெளி, மலைப்பக்கத்துக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். போகும் முன் அவே எண்டுக்குக் கூரை இருக்கிறதா என்று பாருங்கள்.

குளிர் மேலிருந்து வராது, கீழிருந்து வரும். இரண்டு மணி நேரம் கான்கிரீட்டில் அசையாமல் நின்றால் முதலில் விறைப்பது பாதம். எல்லோரும் தடித்த கோட்டு வாங்குகிறார்கள், மெல்லிய அடிப்பாகமுள்ள கேன்வாஸ் ஷூவோடு வருகிறார்கள். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ, கம்பளிக் காலுறை, உள்ளே ஒரு தெர்மல் என்று கீழிருந்து தொடங்குங்கள். மழைக்குத் தொப்பியுள்ள ஜாக்கெட். குடையைப் பல மைதானங்களில் உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் பின்னால் நிற்பவர் சும்மா இருக்கமாட்டார்.

பை எடுக்காமல் போவதே நல்லது. ஏ4 தாள் அளவுக்கு மேல் அனுமதியில்லை என்று பல கிளப்புகள் வைத்திருக்கின்றன, பையைப் பத்திரமாக வைக்கும் இடமும் இருக்காது. சட்டைப்பையில் போக வேண்டியவை: கைபேசி, பவர் பேங்க், வங்கி அட்டை, கொஞ்சம் நோட்டு, அடையாள அட்டை. டிக்கெட்டைப் படமாகக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், வாசலில் கூட்டம் சேரும்போது இணையம் படுத்துவிடும்.

## 8. ஆட்ட நாள் காலை

குளிர்காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஹோம் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். ஆடுகளத்தை நடுவர் சோதிக்கப் போகிறார் என்றால் அங்கேதான் முதலில் வரும். உங்கள் கிளப்பின் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தகவல் தாமதமாகும்.

சோதனை 11 மணிக்கு என்று போட்டு, உங்கள் ரயில் 9 மணிக்கு என்றால் என்ன செய்வது? அந்த ஊரின் இரவு வெப்பநிலையைப் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே போயிருந்து, காலையிலும் ஏறவில்லை என்றால் நம்பிக்கை வேண்டாம். மழைநீர் என்றால் கணிக்கவே முடியாது. இப்படிப்பட்ட நாளில் தொலைதூர ஊராக இருந்தால் நான் காத்திருந்து அடுத்த ரயிலுக்கு மாறிவிடுவேன்.

மைதானத்துக்கு 1:45க்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். கீழ்நிலை ஆட்டங்களுக்குக் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து உள்ளே போகலாம் என்று நினைப்பார்கள். அவே எண்டுக்குப் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ சுழல் கதவுகள்தான். பேருந்துகள் எல்லாம் 2:30க்கு ஒன்றாக வந்தால் வரிசை தெரு வரை நீளும்.

## 9. ஊரில் இறங்கிய பிறகு

பப் வாசலில் "உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்" என்று ஒட்டியிருந்தால் வாதாட வேண்டாம், அடுத்ததற்குப் போங்கள். எந்த பப்பில் வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது ஹோம் கிளப்பின் தளத்திலேயே இருக்கும், இல்லையென்றால் உங்கள் அணியின் சால்வை தெரியும் இடத்தைப் பின்தொடருங்கள். குடிப்பவராக இல்லாவிட்டாலும் பப்புக்குப் போகலாம். ஒரு டீயோ கோலாவோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சக ரசிகர்கள் பழக்கமாவது அங்கேதான்.

சாதாரண ஆட்டத்துக்கு அணியின் ஜெர்சியும் சால்வையும் போட்டுக்கொண்டு நடமாடுவதில் சிக்கல் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் மேலே ஜிப் வைத்த ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே போனதும் திறந்துகொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் ஊருக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அவே எண்ட் கடையில் இறைச்சி 'பை'யும் (pie, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்டது) பர்கரும்தான் முக்கியம். சீஸ்-வெங்காய 'பை' ஒன்று இருக்கலாம், அது இடைவேளைக்கு முன்பே தீர்ந்திருக்கும். ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் மட்டும் தலைகீழ். அங்கே விற்பதெல்லாம் வீகன்.

## 10. வாசலும் சோதனையும்

ஸ்டூவர்ட்கள் (மைதானப் பாதுகாப்பு ஊழியர்கள்) உடலைத் தட்டிப் பார்ப்பார்கள், பாட்டில் இருந்தால் மூடியைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். எறிபொருளாகப் பயன்படும் என்பதுதான் காரணம், மூடியில்லாத பாட்டில் தூரம் போகாது. சிரித்தபடி கைகளை விரித்து நின்றால் பத்து விநாடியில் முடிந்துவிடும்.

மூன்று விஷயங்கள் விளையாட்டல்ல. புகைக்குண்டு, தீப்பந்தம் போன்றவற்றை உள்ளே கொண்டுபோக முயன்றாலே குற்றம். போதையில் நுழைய முயல்வதும் அப்படியே. காரணமின்றி ஆடுகளத்துக்குள் இறங்குவது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், கடைசி நிமிட கோலின் மகிழ்ச்சியில் என்றாலும். தண்டனையோடு மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை மைதானத் தடையும் விதிக்கலாம். விசாவில் இருப்பவர்களுக்குக் குற்றப் பதிவின் விளைவு இன்னும் பெரியது. பக்கத்தில் இருப்பவர் எதையாவது கையில் திணித்து "கொஞ்சம் வைத்திரு" என்றால் வாங்காதீர்கள்.

இருக்கையிலோ டெரஸிலோ மதுவோடு நிற்க முடியாது. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது என்ற சட்டம் நேஷனல் லீக்கின் முதல் பிரிவு வரை பொருந்தும். அதற்குக் கீழே, நேஷனல் லீக் நார்த், சவுத் முதல் இந்தத் தடை இல்லை. அங்கே கிளாஸோடு தடுப்புக் கம்பியில் சாய்ந்து பார்க்கலாம். இன்னும் கீழே போனால் ரசிகர்களைப் பிரித்து வைப்பதும் இல்லை. இடைவேளையில் இரு தரப்பும் எதிரெதிரே நடந்து, தங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். கூட்ட நெரிசலுக்குப் பயப்படுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

## 11. உள்ளே

டிக்கெட்டில் இருக்கை எண் அச்சடித்திருந்தாலும், பல இடங்களில் விரும்பிய இடத்தில் உட்காரலாம். ஸ்டூவர்ட்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டுப் பாடும் கூட்டம் பெரும்பாலும் கோலுக்குப் பின்னால் நடுவில், மேல் வரிசைகளில் சேரும். அங்கே முழு நேரமும் நிற்பார்கள். உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் ஓரத்தில் கீழ்ப்பகுதிக்குப் போங்கள். குழந்தையோடு வந்தால் டெரஸில் முன்வரிசைக் கம்பியோரம். அங்கிருந்துதான் அவர்களுக்கு ஏதாவது தெரியும். கெட்ட வார்த்தைகள் காதில் விழும், அதற்குத் தயாராக இருங்கள்.

டெரஸில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் அல்ல. கோல் விழுந்தால் கூட்டம் ஒரு படி இறங்கி அலையாக முன்னே வரும். கம்பி உங்களுக்கு முன்னால் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் இருந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஆட்டத்துக்கு முன் வீரர்கள் பயிற்சி செய்யும்போது கோலுக்குப் பின்னால் நின்று கைபேசியைப் பார்க்காதீர்கள். கீழ்நிலை வீரர்களின் உதையில் கம்பத்துக்கு மேலே போகும் பந்துகள் கணிசம், அவை முதல் ஆறேழு வரிசைகளில்தான் வந்து விழும். யாராவது "ஹெட்ஸ்!" என்று கத்தினால் நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் குனியுங்கள்.

உணவுக்கு ஒரே ஒரு ஜன்னல் இருக்கும். 40ஆவது நிமிடத்தில் போனால் ஐந்து பேர் வரிசை, இடைவேளை விசில் அடித்ததும் போனால் இரண்டாம் பாதியின் முதல் கோலை வரிசையில் நின்றபடி கேட்பீர்கள். கழிவறைக்கும் இதே கணக்கு.

பாட்டுகள் தெரியவில்லையே என்று கூச்சப்படாதீர்கள். அதே ஐந்தாறு பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வரும், அரை மணி நேரத்தில் பழகிவிடும். இருநூறு முந்நூறு பேர் வரும் அவே எண்டில் புதுமுகம் உடனே தெரியும், எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்.

நம் நிறத்தில் அங்கே நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கலாம். பெரும்பாலும் அது ஒரு விஷயமாகவே இராது. நிறவெறிப் பேச்சு எதையாவது கேட்டால் நேரடியாக மோதாமல், நேரத்தையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு ஸ்டூவர்ட்டிடம் சொல்லுங்கள். அவர் அசட்டை செய்தால் கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிடம் புகார் கொடுங்கள். நேரமும் இடமும் துல்லியமாக இருந்தால்தான் கேமராப் பதிவைத் தேட முடியும்.

## 12. ஆட்டம் முடிந்ததும்

விசில் அடித்ததும் ஓடாதீர்கள். தோற்றாலும் வீரர்கள் அவே எண்ட் பக்கம் வந்து கைதட்டுவார்கள். சிலர் கையுறையையோ ஜெர்சியையோ முன்வரிசைக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வாசல் நெரிசலும் குறையும்.

காவல்துறை உள்ளே நிறுத்தினால் ஸ்டூவர்ட்டோடு சண்டை போட்டுப் பயனில்லை, முடிவு அவருடையது அல்ல. வெளியே வந்ததும் கூட்டத்தோடு நிலையத்தை நோக்கி நடங்கள். குறுக்கு வழி என்று கைபேசி காட்டும் இருட்டுப் பூங்காவுக்குள் தனியாகப் போக வேண்டாம்.

சில ரயில்களில் ஆட்ட நாளில் மட்டும் மதுத் தடை போடுவார்கள். நிலையத்துக் கடையில் வாங்கும் முன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 15 அல்லது 30 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் டிலே ரீபே திட்டத்தில் பணம் திரும்பக் கேட்கலாம், எத்தனை நிமிடம் என்பது ரயில் நிறுவனத்தைப் பொறுத்தது. 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆகிவிட்டால் மறந்துபோகும், ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே படிவத்தைப் போட்டுவிடுங்கள்.